உறைபனியும் ஒரு மணி நேர மழையும்

கொடைக்கானலில் சூரியனை ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் மழை. தாது வருஷப் பஞ்சம் என்று பல தலைமுறைகள் பேசித் தீராத 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அடுத்த பருவமழை பொய்க்குமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினொரு ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. பஞ்சமும் அந்தத் தாளத்தையே பின்பற்றுகிறது என்று நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும் 1877இல் எழுதினார்கள். பஞ்சத்தை விசாரித்த கமிஷனும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றது. அப்படிப் பிறந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழனி மலையைத் தேர்ந்தார். 1899இல், 2,343 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் அமைந்தது.

மழைக் கணிப்பு அங்கிருந்து கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டார். நூறாண்டுக்கு மேல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று உலகின் அரிய சேகரங்களில் ஒன்று. இத்தகைய நீண்ட பதிவுகளும் 1978 முதலான செயற்கைக்கோள் அளவீடுகளும் சேர்ந்து ஒரு விஷயத்தை ஐயமில்லாமல் காட்டிவிட்டன. ஒரு புள்ளிச் சுழற்சியில் சூரியன் தரும் ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கடந்த நாற்பது ஆண்டுகளில் பூமி வேகமாகச் சூடேறியபோது சூரியனின் ஆற்றல் கூடவில்லை. சூடேற்றுவது நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும்தான்.

பஞ்சக் கமிஷன் கேட்டது, மழை வருமா என்று. அதே மலையில் நின்று இன்று நாம் கேட்க வேண்டியது, வரும் மழை எத்தனை மணி நேரத்தில் கொட்டித் தீரும், உறைபனி இனி எந்த இரவுகளில் விழும் என்று. மழையும் உறைபனியும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கே சமவெளிக்குள் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இந்த அமைப்பால் அதற்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக் காற்று ஆனைமலையிலும் மூணாறு மலைகளிலும் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுத்தான் இங்கு வரும். மேற்கே இருக்கும் கூக்கால், மன்னவனூர் பக்கம் அதன் சாரல் நாள்கணக்கில் நிற்கும். கொடைக்கானல் ஊருக்கும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைக்கும் பெருமழை என்றால் அது அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்து வருவது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியுடன் கோடை மழை. சில நாட்களில் ஆலங்கட்டி. வடக்குச் சரிவில் இறங்கும் நீர் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு வழியாக அமராவதிப் பக்கம் போகிறது. தெற்குச் சரிவில் இறங்குவது மஞ்சளாறு முதலிய ஓடைகளாக வைகையைச் சேர்கிறது. பழனிக்கும் பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் குடிநீரும் பாசனமும் இந்த மேட்டின் தயவில்தான் நடக்கின்றன.

இங்கே வானிலிருந்து பனித்துகள் விழுவதில்லை. விழுவது உறைபனி, சரியாகச் சொன்னால் அது விழுவதும் இல்லை, தரையிலேயே உண்டாகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, வானம் முழுக்கத் தெளிந்த இரவுகள் வரும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வையாகி அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். காற்றில் இருக்கும் நீராவியும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். மேகம் இல்லை, ஈரமும் குறைவு என்றால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் வெப்பம் தடையின்றிப் போய்விடும். காற்றும் அசையாமல் நின்றால் மேலே உள்ள சற்று இதமான காற்று கீழே வந்து கலக்காது. அப்போது புல்லின் நுனி சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகிறது. அதன்மேல் படியும் ஈரம் நீர்த்துளியாக நிற்காமல் வெண்படிகமாகிறது.

கொடைக்கானலில் குறைந்தபட்ச வெப்பநிலை 5 டிகிரி என்ற செய்தியும், வெள்ளையாக உறைந்த மைதானத்தின் படமும் நாளிதழில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது பலருக்குக் குழப்பம். முரண்பாடு ஏதும் இல்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் மரக்கூண்டுக்குள் இருக்கிறது. அது 5 டிகிரி காட்டும் தெளிந்த இரவில், திறந்த புல்லின் மேல் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஏரியைச் சுற்றிய தாழ்நிலமும் ஜிம்கானா மைதானமும் பாம்பார்புரமும் மன்னவனூர்ப் புல்வெளியின் மடிப்புகளும் வெளுத்துக் கிடக்கும் காலையில், ஐம்பது மீட்டர் மேலே இருக்கும் தோட்டத்தில் பனித்தடமே இருக்காது. மரத்தடியிலும் இருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். முடிவில் எல்லாம் அதைச் சுற்றியே நிற்கப் போகிறது.

ஆக உறைபனிக்கு மூன்று தேவை: தெளிந்த வானம், வறண்ட காற்று, அசையாத இரவு. 1901க்கும் 2018க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 0.7 டிகிரி கூடியிருக்கிறது. உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் குளிரிரவுகள் குறைந்துவருகின்றன. 0.7 என்பது சமவெளியில் யாருக்கும் உறைக்காத எண். ஆனால் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி இப்பக்கமா அப்பக்கமா என்று நிற்கும் புல்லுக்கு அது பெரிய எண். சூடான கடலிலிருந்து வரும் காற்றில் ஈரமும் அதிகம்; அந்த ஈரமே இரவின் குளிர்ச்சியைத் தடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஜனவரிக்குள் நீளும் ஆண்டுகளில் மேகம் மூடியே இருப்பதால் உறைபனிக்காலம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

போகட்டும், உருளைக்கிழங்கும் பீன்ஸும் கருகாமல் பிழைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு பருவத்துப் பயிரை மட்டும் பார்த்தால் உண்மைதான். ஆனால் கொடைக்கானலின் பிளம்ஸும் பேரியும் குளிர்காலத்தில் போதுமான மணி நேரம் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒன்றாகப் பூக்கும். அந்த உறக்கம் குறைந்தால் பூப்பு சிதறும், காய்ப்பும் சிதறும். உறைபனிக்கு இதைவிடப் பெரிய வேலையும் ஒன்று உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பூஜ்யம் டிகிரியின் ஆட்சி முழுமையாகத் தெரிய வேண்டுமானால் துருவத்துக்குப் போக வேண்டும். ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவருகிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் உச்சியில், 3,216 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆய்வு நிலையத்தில் மழை பெய்தது. அந்த இடத்தில் மழை பதிவானது அதுவே முதல் முறை. மழையை அளக்கும் கருவியே அப்போது அங்கே இல்லை. தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின்மேல் மழை பெய்து உடனே இறுகியது. கீழே இருக்கும் பாசியை மான்களால் குளம்பால் கிளறி எடுக்க முடியவில்லை. ஏறக்குறைய 61,000 கலைமான்கள் பட்டினியால் செத்தன. நேனெத்ஸ் மேய்ப்பர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த மந்தைகள் அவை. எதிர்த்துருவத்தில், 2022 மார்ச்சில், கடலிலிருந்து ஈரக்காற்று ஆறாகப் பாய்ந்து கிழக்கு அண்டார்க்டிகாவுக்குள் ஏறியது. கன்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை அந்தக் காலத்துக்கு வழக்கமானதைவிட ஏறக்குறைய 40 டிகிரி உயர்ந்து மைனஸ் 11.5இல் நின்றது. அங்கே அந்தச் சூட்டிலும் பூஜ்யம் தொலைவில் இருந்ததால், உட்பகுதியில் ஈரம் கனத்த பனிப்பொழிவாக விழுந்தது. ஒரே ஈரம், பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் பனி.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஓர் எளிய இயற்பியல். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். இந்த விழுக்காடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 25 டிகிரிச் சமவெளியில் ஏறக்குறைய 6. கொடைக்கானலின் குளிரில் 7. துருவக் குளிரில் 8ஐயும் தாண்டும். குளிர்ந்த இடங்களில் ஈரத்தின் அளவு குறைவு. ஆனால் சூட்டுக்கு அது காட்டும் எதிர்வினை கூடுதல். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் 30 கிராம் நீராவியையும், 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்றுமேலும் தாங்கும். மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்று குளிரும்போது தன்னால் தாங்க முடியாத மிச்ச ஈரத்தை நீராக விட்டாக வேண்டும். மன்னார் வளைகுடாவிலிருந்தோ அரபிக்கடலிலிருந்தோ வரும் காற்று புறப்படும்போதே கூடுதல் ஈரம் சுமந்திருந்தால், மலை அதைக் கூடுதலாகவே பிழியும். மேகத்துக்குள் நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை இன்னும் உயரத்துக்குத் தள்ளி, இன்னும் ஈரத்தைக் கீழிருந்து உறிஞ்சும். அதனால்தான் ஒரு நாளின் மழையைவிட ஒரு மணி நேரத்தின் மழை வேகமாகப் பெருகக்கூடும்.

மேற்குக் கரையின் மழைமேகங்களே மாறிவருவதைக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தாழ்ந்து பரந்து நின்று மெல்லப் பெய்யும் பருவமழை மேகங்களின் இடத்தில், உயர்ந்து குவிந்து சட்டென்று கொட்டும் இடிமேகங்கள் கூடிவருகின்றன. நாள்கணக்கில் நின்ற சாரலை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பொருள் விளங்கும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.5ஐ எட்டினால் அதி கனமழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பழனி மலைக்கு மேற்கே மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலம் சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மண் மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினம் 946 மில்லிமீட்டரைப் பதிவு செய்தது. இவற்றில் ஒவ்வொன்றையும் புவி வெப்பமடைதலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. மலையின் அமைப்புக்கும் அந்தந்த வாரத்துக் காற்றோட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, மனிதர் உண்டாக்கிய வெப்பமே அந்த மழையை ஏறக்குறைய 10 விழுக்காடு கனமாக்கியது என்று கணித்தது. சரியும் தறுவாயில் நிற்கும் சரிவுக்கு அந்தப் பத்து சின்ன எண்ணல்ல.

பழனி மலை இதில் தப்பிய மலை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, வலுவிழந்த நிலையில் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போனது. கொடைக்கானலில் மரங்கள் விழுந்தன, சாலைகளில் மண் சரிந்தது, மலை ஊர்கள் துண்டிக்கப்பட்டன. கடற்கரையிலிருந்து இத்தனை தூரத்தில் புயலை எதிர்பார்த்து யாரும் வீடு கட்டுவதில்லை.

ஆண்டு மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது. நூறு மில்லிமீட்டர் மழை பத்து நாளில் பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் கொட்டினாலும் ஏட்டில் நூறுதான். மலைக்கு அவை இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள். பழனி மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்னும் கெட்டியான பாறை; அதற்குமேல் சரிவைப் பொறுத்துச் சில அடி முதல் சில மீட்டர் வரை மண். மெல்லப் பெய்யும் மழை மண்ணில் இறங்கி, பாறையின் மேல்முகத்தில் ஊர்ந்து, கோடையிலும் ஓடையில் கசிந்துகொண்டிருக்கும். வேகமாகக் கொட்டும் மழைக்கு மண் வழிவிட முடியாது. ஒரு பகுதி மேலேயே ஓடிப் பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டு வயல்களின் அடுக்குகளிலிருந்து நல்ல மண்ணை வாரிக்கொண்டு போகும். உள்ளே இறங்கிய பகுதி மண்துகள்களின் இடையே அழுத்தத்தை ஏற்றி அவற்றின் பிடியைத் தளர்த்தும். சாலைக்காகவோ விடுதிக்காகவோ அடிவாரம் வெட்டப்பட்ட சரிவில் அந்தப் பிடி ஏற்கெனவே பாதிதான். பெரியகுளத்திலிருந்து ஏறும் அடுக்கம் சாலையில் மழைதோறும் மண் இறங்குவது இதனால்தான். கீழே கும்பக்கரை அருவியில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மேலே கொடைக்கானலில் பிற்பகலில் கொட்டியதைக் கீழே குளிப்பவர்கள் அறிய மாட்டார்கள். மேட்டில் ஆங்காங்கே மணிக்கணக்கில் மழையைப் பதியும் தானியங்கி மழைமானிகள் அடர்த்தியாக இருந்து, அந்த எண் உடனே கீழே போய்ச் சேர்ந்தால், குளிக்க வந்தவர்களை நேரத்தோடு மேலேற்றலாம். இதைப் பெரிய செலவென்று நான் கருதவில்லை.

இனி உறைபனியின் பெரிய வேலை. மேல்பழனியின் இயல்பான முகம் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எப்படி அருகருகே இருக்கின்றன? நீலகிரியில் ஆராய்ந்த சி. ஆர். ரங்கநாதன் 1938இலேயே ஒரு விடை சொன்னார்: சோலை மரங்களின் நாற்றுகள் திறந்த புல்வெளியில் முளைத்தாலும் உறைபனி அவற்றைக் கொன்றுவிடுகிறது. எண்பதாண்டு கழித்து, 2020இல் வெளியான பெங்களூர் உயிரியல் ஆய்வாளர்களின் களச்சோதனை அதை உறுதி செய்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் நாற்றுகள் நம் சோலை நாற்றுகளைவிட உறைபனியைத் தாங்கிக்கொள்கின்றன. இரவுகள் சூடேறினால் புல்வெளியின் காவல் இன்னும் தளரும். அதனால் முதலில் ஆதாயம் அடைவது வாட்டில்தான்.

தளர்வதற்கு மிச்சமே குறைவாக இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று, பழனி மலையில் 1973இல் ஏறக்குறைய 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி 2014இல் 124ஆகச் சுருங்கியதைக் காட்டியது. வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள் அதே காலத்தில் 18லிருந்து 217 சதுர கிலோமீட்டராகப் பெருகின. வெற்றுநிலம் என்று தப்பாகக் கருதி நட்ட மரங்கள் அவை. அவற்றின் விலையை நீலகிரியில் கிளென்மார்கனில் அளந்திருக்கிறார்கள்: நீர்ப்பிடிப்பின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் யூகலிப்டஸ் நட்டதும் ஓடையின் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. புல்வெளி கோடைக்கென்று மண்ணில் வைத்திருக்கும் நீரை இந்த மரங்கள் குடித்துவிடுகின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? சென்னை உயர் நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது; தமிழ்நாடு அரசு அதற்கென ஒரு கொள்கையையும் வகுத்திருக்கிறது. நோக்கம் சரி. ஆனால் கனமழை கூடிவரும் காலத்தில் செங்குத்தான சரிவில் ஒரு தோட்டத்தை மொத்தமாக வெட்டி, வேர் இற்றுப்போன மண்ணை அடுத்த அக்டோபரின் கையில் கொடுப்பது ஆபத்தான காரியம். இன்னொன்றும் உண்டு. வட்டக்கானலில் பல ஆண்டுகள் சோலை நாற்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது அது: வயதான தோட்டங்களின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து எழுகின்றன. மரத்தடியில் உறைபனி பிடிப்பதில்லை அல்லவா? புல்வெளியில் சாகும் அதே நாற்று இங்கே பிழைத்துவிடுகிறது.

எனவே மலை முழுவதற்கும் ஒரே விதி போடக் கூடாது. சோலை நாற்று எழும் பழைய தோட்டங்களைத் தொடாமல் விட வேண்டும். அந்தத் தோட்டங்கள் ஐம்பது, நூறு ஆண்டில் சோலையாகலாம். உறைபனி இன்னும் தேங்கும் மன்னவனூர், கூக்கால், பேரிஜம் பக்கத்துப் பள்ளங்களில் மிஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் முளைக்கும் இளம் வாட்டிலை, தண்டு கட்டை விரல் அளவு தடிப்பதற்குள், ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் பருவமழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும் ஜனவரி. பூம்பாறை, மன்னவனூர் மக்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யக்கூடிய வேலை அது. வனத்துறையிடம் ஆளும் நிதியும் தொடர்ந்து இருந்தால் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கலாம்.